முன்பக்கம் சிந்தும் ரசம்

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு வந்திருந்த மகள் நிரஞ்சனாவை வால்பாறையில் விட்டுவிட்டு, நானும் வசந்தாமணியும் சாயங்காலம் பொள்ளாச்சி வந்து சேர்ந்தோம். மலை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவில் நாலு இடத்தில் காரை நிறுத்தினேன். ஒன்று, வரையாடு பார்க்க. மற்ற மூன்றும் மகள் வாந்தி எடுக்க.

அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் மாப்பிள்ளையின் வங்கியில் கொடுத்த இந்த டைரியை எடுத்துவந்து என் கையில் திணித்தாள்.

"ஒரு நாளைக்கு நாலுவாட்டி போன் பண்றீங்ப்பா. தேங்கா பறிச்சது, பூனை குட்டி போட்டதுன்னு. இனி எல்லாத்தையும் இதுல எழுதி வைங்க. பிரசவத்துக்கு வர்றப்பப் படிச்சுக்கறேன்" என்றாள். மூச்சு விட்டுவிட்டு, "ஆனா வருவனான்னு தெரியலீங்ப்பா" என்றாள்.

"ஏங்கண்ணு?"

"உங்க கார்ல இன்னொருக்கா என்னால முடியாதுங்ப்பா. வளைவுக்கு வளைவு தூரி மாதர ஆடுது. இங்கியே பாத்துக்கறேன். அத்தையும் அதான் சொல்றாங்க."

எங்கள் பக்கம் மாசமாக இருக்கும் மகளுக்கு ஏழாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய் விருந்து வைத்து, அவளைக் கையோடு அழைத்து வருவது முறை. கட்டுச்சோறு என்போம். பிப்ரவரி 23 என்று நாள் குறித்தாகிவிட்டது. சோறு மட்டும் மலை ஏறி, மகள் இறங்காவிட்டால் அதற்குப் பெயர் கட்டுச்சோறு இல்லை, பார்சல்.

"வாடகைக்கு ஒரு வண்டி சொல்லிக்கலாமுங்க" என்றாள் வசந்தாமணி.

ஊரில் நடக்கும் விசேஷத்துக்கெல்லாம் அண்டாவும் பந்தலும் வாடகைக்கு விடுகிற நாச்சிமுத்து, தன் மகளை அழைத்துவர வாடகைக்கு எடுப்பதா? காரைச் சரிசெய்யப் போகிறேன். பேச்சு முடிந்தது.

ஜனவரி 20

நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரு தடவை படித்தவர்களைவிட எனக்கு அதில் ஆழம் அதிகம். காரைச் சுற்றி வந்து பார்த்ததில் நோய் பிடிபட்டது. ஸ்பிரிங் தொளதொளவென்று இருக்கிறது. ஒரு பக்கம் அமுக்கினால் அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கி, நான் டீ குடித்து முடிக்கும்வரை தலையாட்டுகிறது.

டயர் கடைக்காரர் மருந்து சொன்னார். ஸ்பிரிங் சுருளுக்கு இடையில் கெட்டி ரப்பரைச் செருகிவிட்டால் ஆட்டம் நின்றுவிடுமாம். நாலு சக்கரத்துக்கும் செருகினோம். டயரில் காற்றும் கல் மாதிரி இருக்கட்டும் என்று ஏற்றச் சொன்னேன். நோய் தெரிந்தபின் மருந்தில் கஞ்சத்தனம் கூடாது.

ஜனவரி 21

கார் ஆடவில்லை. உள்ளே இருக்கிறவர்கள்தான் ஆடுகிறோம்.

ஜனவரி 23

வசந்தாமணியைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஆனைமலை ரோட்டில் ஒரு சுற்று. ஒரு கிலோமீட்டர் வரை பேசாமல் வந்தவள் கேட்டாள்:

"ஏனுங்க, இப்ப ஒரு ரூபாக் காசு மேல ஏறி வந்தமுங்களா?"

"தெரியலியே."

"ஏறுனமுங்க. தலை மேல்பக்கமா இருந்துச்சு."

அவளுக்கு இந்தக் குசும்பு சமீபத்தில் வந்தது. ஐப்பசியில் மகள் மாசமாக இருக்கிற செய்தி வந்ததிலிருந்து காலை நடைப்பயிற்சி என்று பக்கத்து வீட்டுக் கோமதியோடு தினமும் கிளம்பிவிடுகிறாள். தட்டையான செருப்பு வேறு வாங்கியிருக்கிறாள். ஒரு மணி நேரம் நடந்தும் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 25

சிக்கந்தரிடம் காரைக் கொண்டுபோனேன். உடுமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். வயசுக்காலத்தில் கோயமுத்தூர் ரேஸில் யாருக்கோ டயர் மாட்டிவிட்டவன். அன்றிலிருந்து மாட்டு வண்டியைக் காட்டினாலும் இதை எப்படி ரேஸுக்கு விடலாம் என்றுதான் யோசிப்பான்.

சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"ஸ்பிரிங்குக்குள்ள ரப்பரத் திணிச்சா அது ஸ்பிரிங்கா இருக்குமுங்களாண்ணா? பூரிக்கட்டை மேல உக்காந்து போயிருக்கறீங்க."

"சரி, ஆடக் கூடாது. அதுக்கு வழி சொல்லு."

"குட்டை ஸ்பிரிங் போட்டறலாமுங்ணா. நல்ல விறைப்பு. வண்டி ரெண்டு அங்குலம் எறங்கீரும். வளைவுல ரயிலு தண்டவாளத்துல போற மாதர போகும்."

ரயில் என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது. ரயிலில் யாரும் வாந்தி எடுத்துப் பார்த்ததில்லை.

ஜனவரி 29

ஆஹா! வளைவில் திருப்பினால் கார் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நெகமம் வரை போய் வந்தேன். எனக்கு முப்பது வயசு குறைந்துவிட்டது. வளைவு இல்லாத இடத்திலும் இரண்டு தடவை சும்மா வளைத்துப் பார்த்தேன்.

பின் சீட்டில் இருந்த வசந்தாமணி கதவுக்கு மேலிருக்கிற கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னோடு வரும்போது எப்போதும் முருகா முருகா என்றுதான் வருவாள். பக்தி கூடியிருக்கிறது. என் காரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். அவ்வளவு திருப்தி.

குறை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு உரசிக் கரகரவென்று ஒரு சத்தம். வசந்தாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் வந்தது. மாசமாக இருக்கிற பெண்ணை இதில் ஏற்ற முடியாது என்று எனக்கே தெரிந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னால் சிக்கந்தர் கோபித்துக்கொண்டான்.

"வண்டி சொன்ன பேச்சுக் கேக்கோணும்னா கொஞ்சம் குலுக்கத்தானுங்ணா செய்யும். குலுக்காம போவோணும்னா வளைவுல சாயத்தான் செய்யும். எது வேணும், ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்."

"ரெண்டும் ஒரே வண்டில கெடைக்கும்னா உலகத்துல இத்தனை வண்டிக் கம்பெனி எதுக்குங்ணா?"

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று என் மூளை ஒரு வேலை செய்தது. அடிக்கடி செய்யாது, அதனால் எழுதி வைக்கிறேன்.

குலுக்கல் எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று வசந்தாமணியைக் கேட்டால் ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சொல்கிறாள். பொய் சொல்லாத பயணி ஒருவர் வேண்டும். என் கடையில் இல்லாத பாத்திரமா? ஐந்து லிட்டர் தூக்குப்போசி ஒன்றை எடுத்து, வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் பின் சீட்டில் விரித்து அதன்மேல் வைத்து, சீட் பெல்ட்டால் கட்டினேன். உள்ளே கழுத்துவரை ரசம். மூடி கிடையாது. தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். ரசம் சாட்சி சொல்லும்.

"வெக்கறது நானு, சிந்தறது நீங்க" என்றாள் வசந்தாமணி. ஆனால் வைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 3

ஆழியாறு போய்த் திரும்பிவந்து வேட்டியைப் பட்டறையில் விரித்தேன். சிக்கந்தர் கையைக் கட்டிக்கொண்டு, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி பார்த்தான்.

"எடது வலது பக்கத்துல அவ்வளவா சிந்தலை. சாய்வு இல்லீங். ஆனா சுத்திலும் தெறிச்சிருக்குது பாருங்க, மேல எந்திரிச்சுக் குதிச்சிருக்குது. அது குலுக்கல்."

கார் கூரையில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. அதையும் காட்டினேன்.

"அண்ணா, சூப்பருங்ணா இது! ரேஸ்ல கூட இப்பிடி ஒரு மிசினு இல்லீங்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்புறம் வேட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒரு பூசணிக்காய் அளவுக்கு மஞ்சள்.

"இது என்ன கணக்கு?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தான். வேட்டியைப் பார்த்தான். "மொதல்ல குலுக்கலக் கவனிப்பமுங்ணா" என்றான்.

பிப்ரவரி 6

சிக்கந்தர் மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். ரசம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பெனி உயரத்துக்கே, பழையதைவிட ஒரு சொட்டு மட்டும் விறைப்பான ஸ்பிரிங் போட்டான். புது ஷாக் அப்சார்பர் நாலு. அதன் அடியில் ஒரு திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் இளகும், மறுபக்கம் திருப்பினால் இறுகும், வீணை சுருதி சேர்க்கிற மாதிரி. ஸ்பிரிங் குதிக்கத்தான் செய்யும், அதை ஒரே குதியில் உட்காரவைப்பது இதன் வேலையாம். என் பழைய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகிப்போய்ப் பல வருஷம் ஆகிறது என்றான். இத்தனை நாள் உட்கார் என்று சொல்ல ஆளே இல்லாமல் அது ஆடியிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு கம்பி. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்கே இணைக்கிறது. முன்பிருந்தது மெலிசு. இது கட்டை விரல் தடிமன். வளைவில் ஒரு பக்கம் அமுங்கப் போனால் மறுபக்கம் அதை விடாமல் பிடித்து நிறுத்தும். வேகத்தடையில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறி இறங்கினால், அதற்கு வேலையே இல்லை, தன்பாட்டுக்குச் சுழன்று கொடுத்துவிடும். தேவைப்படும்போது பிடிப்பது, மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

"எங்க சம்பந்தியம்மாளுக்கு இப்பிடி ஒண்ணு மாட்ட முடியுமா?" என்று கேட்டேன். சிக்கந்தர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

டயர் காற்றையும் கதவோரம் ஒட்டியிருக்கிற காகிதத்தில் உள்ள அளவுக்கே குறைத்தான். இத்தனை வருஷம் அந்தக் காகிதத்தை நான் விலை ஸ்டிக்கர் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 8

ஆழியாறு தாண்டி ஒன்பதாவது வளைவு வரை ஏறி இறங்கினேன். வேட்டியைப் பார்த்ததும் ரோட்டோரத்தில் ஒரு ஆட்டம் போட்டேன். குரங்குகள் பார்த்தன. பக்கவாட்டில் கறை இல்லை. தெறிப்பும் இல்லை. குலுக்காமல், சாயாமல், இரண்டும் ஒரே வண்டியில்!

முன்பக்கம் மட்டும் பூசணிக்காய் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 10

முன்பக்கத்து ரசத்துக்கு என்ன பாகம் காரணம் என்று சிக்கந்தரிடம் கேட்டால் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான். பிரேக் கட்டையை மாற்று என்றேன், மாற்றினான். எஞ்சின் தாங்கி ரப்பரை மாற்று என்றேன், மாற்றினான். பூசணி பூசணியாகவே இருக்கிறது.

கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "கணுக்கால்லயும் ஒரு சஸ்பென்ஷன் இருக்குதுங்ணா" என்றான்.

புரிந்துவிட்டது. சாயங்காலமே மெத்தென்ற அடி வைத்த புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன். பூசணி கொஞ்சமும் இளைக்கவில்லை. சிக்கந்தருக்குச் செருப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 12

நேற்று திருகைச் சரிபார்க்க வேண்டும் என்று காரைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டான். இன்று மதியம் எடுக்கப் போனால் ஒரு வேட்டியை எடுத்து விரித்தான். காலையில் ஒன்பதாவது வளைவு வரை ஏறி இறங்கினார்களாம். வேட்டி, போத்தீஸ் பையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. முன்பக்கத்திலும் ஒரு சொட்டு இல்லை!

"யாரு ஓட்டுனது?"

"நம்ம… பட்டறை ஆளுகதானுங்ணா" என்றான்.

காரில் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை எக்கச்சக்கமாக முன்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்தால் என் தொப்பை தெரிகிறது. சிக்கந்தர் என்னைவிட ஒரு முழம் உயரம். ஏன் இப்படி உட்கார்ந்து ஓட்டினான் என்று தெரியவில்லை. ரேஸ்காரர்கள் ஒட்டி உட்காருவார்கள்போல.

நான் அதே ரோட்டில் போய் வந்தேன். பூசணி. காலைக் குளிர்ச்சியில் ஸ்பிரிங் நன்றாக வேலை செய்கிறது, வெயில் ஏறினால் சோர்ந்துவிடுகிறது என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 14

நிரஞ்சனாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். கம்பியைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம்.

"அம்மா என்னங்ப்பா சொல்றாங்க?"

"அம்மாவுக்கு என்ன தெரியும்? அவ பின்னால உக்காந்து வர்றவ."

"பின்னால உக்காந்து வர்றவங்களுக்குத்தானுங்ப்பா தெரியும். அம்மா வரச் சொன்னா நான் வர்றேன்."

போனை வசந்தாமணியிடம் கொடுத்தேன். அடுக்களைக்குக் கொண்டுபோய்விட்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆழியாறில் ஒரு காதுகுத்து. கடை டெம்போவில் பாத்திரங்களை நானே கொண்டுபோய் இறக்கிவிட்டு, மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து என் கார் இறங்கி வந்தது.

அதன்பிறகு ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கார் வந்த விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகம் குறைந்தது. குறைந்ததே தெரியவில்லை. வண்டியின் மூக்கு கீழே குத்தவில்லை. வளைவுக்குள் வந்தபின் பிரேக் விளக்கு எரியவே இல்லை. குளத்தில் வாத்து திரும்புகிற மாதிரி ஒரே சுற்று. வளைவு முடிந்தபின்தான் மெல்ல வேகம் எடுத்தது. கீழே இருந்து ஏறிவந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டுவிட்டு வந்தது. அது என் கார்தானா என்று நம்பரை இரண்டு தடவை பார்த்தேன்.

ஓட்டியவர் யார் என்று நான் கவனிக்கவில்லை. கண்ணாடியில் வெயில் அடித்தது. பக்கத்து சீட்டில் சிக்கந்தர் தூங்கிக்கொண்டிருந்தான். ஓட்டியவர் தலையில் மல்லிகைப்பூ இருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

டீ ஆறிவிட்டது. இன்னொன்று சொன்னேன்.

பிப்ரவரி 17

வீட்டு வாசலில் நின்றிருந்த காரில் பின் சீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் காரை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. பின் சீட்டில் இன்றைக்குத்தான் முதல் தடவை உட்காருகிறேன். கதவுக்கு மேலிருக்கிற கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

பிப்ரவரி 18

பழுதான பாகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்பதாம் நம்பர் செருப்புக்குள் இருக்கிறது.

இன்று அதை அடக்கிப் பார்த்தேன். மெதுவாக, மெதுவாக என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பூசணி, தேங்காய் அளவுக்கு வந்தது. அதற்குள் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மறுபடி பூசணி. ஐந்து நாளில் இந்தக் கால் திருந்தாது. பத்தாம் வகுப்புக்கே இரண்டு வருஷம் எடுத்த உடம்பு இது.

பிப்ரவரி 20

கொல்லையில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுக்களை ஜன்னல் வழியாக வசந்தாமணி போனில் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. எண்ணுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

"எப்பிடிக் கண்ணு சொல்றது? சொன்னா மனசு விட்டுப்போயிருவாரு. ராப்பகலா அந்த வண்டிக்குள்ளயே கெடக்கறாரு… லைசன்சு வந்து மாசமாச்சு, வெச்சுட்டு என்ன பண்ண… இல்ல கண்ணு, அவரு ஓட்டறதுல உன்னய வான்னு என்னால சொல்ல முடியாது. நீ அங்கியே இருந்துக்க. நான் வந்து உங்கூட இருக்கறேன்… அவரு சாப்பாட்டுக்கா? கடைல சாப்பிட்டுக்குவாரு."

ஆக, சஸ்பென்ஷன் தயார். ஓட்டுகிற ஆளும் தயார். என் மூஞ்சி வாடிவிடும் என்பதற்காக மகள் மலைமேலும், அவளோடு என் மனைவி மலைமேலும், நான் மட்டும் இங்கே அண்டாக்களோடும் இருக்கப் போகிறோம்.

நேராகப் போய், "நான் பார்த்துட்டேன், நீயே ஓட்டு" என்று சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. சொன்னால் அவள், "ச்சே, நீங்க ஓட்டறதுக்கு என்னங்க" என்பாள். நான் நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 22

நாளை கட்டுச்சோறு. வீடெல்லாம் ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம். புளிச்சோறு, எலுமிச்சை, தக்காளி, தேங்காய், எள்ளு, மல்லி, தயிர் என்று ஏழு வகை. எட்டாவதாக ஒரு போசி ரசம் வைக்கச் சொன்னேன். "கட்டுச்சோத்துக்கு எதுக்குங்க ரசம்?" என்றாள் வசந்தாமணி. வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றேன்.

மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது நொண்டிப் பழகினேன். நன்றாக வருகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

போகும்போது நான்தான் ஓட்டினேன். நானும் வசந்தாமணியும் ஏழு வகைச் சோறும். ஒறம்பரை எல்லாம் வேனில் வந்தார்கள். என்னால் முடிந்தமட்டும் காலை அடக்கினேன். இருந்தும் தயிர்சோறு முன்பக்கமாக நகர்ந்து எலுமிச்சைச் சோற்றுக்குள் வந்துவிட்டது. ரசப்போசிக்கு அடியில் விரித்திருந்த வேட்டியை நிரஞ்சனா கார் கதவைத் திறந்ததும் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி.

வளையல் போட்டு, பாட்டுப் பாடி, சாப்பிட்டு முடித்தோம். சம்பந்தியம்மா ஆரம்பித்தார்.

"அண்ணா, பாப்பா இங்கியே இருக்கட்டுமுங்க. உங்க காரப் பத்தி…"

"காரு இப்ப வேற காருங்க" என்றேன். "இதோ சாமானை ஏத்திட்டு வந்தர்றேன்."

தனியாகக் காருக்குப் போனேன். ஒரே ஒரு வேலைதான். முடித்துவிட்டுத் திரும்பி நொண்டிக்கொண்டே வந்தேன்.

"என்னாச்சுங்ப்பா?" என்று எழுந்தாள் நிரஞ்சனா.

"முழங்காலு பிடிச்சுக்கிச்சு கண்ணு. பிரேக்க மிதிக்க முடியாது போலிருக்குது. வசந்தா, நீ ஓட்டறியா?"

மாப்பிள்ளை வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டார்.

வசந்தாமணி என்னையே பார்த்தாள். "எனக்கு ஓட்டத் தெரியும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலை. சும்மா கேட்டுப் பாத்தேன்."

"எந்தக் காலுங்க?"

"வலது."

"வாசல்ல வர்றப்ப எடது கால நொண்டுனீங்க."

"வலி மாறி மாறி வருது" என்றேன்.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள்ளிருந்து லைசன்சை எடுத்தாள். போட்டோவில் அழகாக இருந்தாள். சம்பந்தியம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குங்கூட ஆசைதான், இவங்கப்பா விடலை" என்று ஆரம்பித்தார். அந்தக் கதை முடியக் கால் மணி நேரம் ஆனது.

நிரஞ்சனா அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். "பொறு கண்ணு, நல்ல நேரம் பாத்து எறங்கோணும்" என்றேன். "அம்மா ஓட்டற நேரந்தானுங்ப்பா நல்ல நேரம்" என்றாள்.

வசந்தாமணி ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுக்கக் குனிந்தாள். சீட் ஏற்கெனவே முன்னால் இருந்தது. கை பிடியிலேயே நின்றது. கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அதுவும் அவள் உயரத்துக்கு இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. ரசப்போசியை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தேன். நான் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தேன். தேயிலை நன்றாக இருந்தது.

"எப்ப இருந்துங்க தெரியும்?" என்றாள் மெதுவாக.

"என்ன தெரியும்?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

நாற்பதாவது வளைவிலிருந்து எண்ணத் தொடங்கினேன். முப்பதுக்குக் கீழே எண்ணவில்லை. வேடிக்கை பார்த்தேன். இந்த மலையில் இவ்வளவு மரம் இருக்கிறதா? நான் இத்தனை வருஷமாக வளைவை மட்டுமே பார்த்து ஓட்டியிருக்கிறேன். வளைவில் அந்தத் தடித்த கம்பி தன் வேலையைச் செய்தது. குழியில் ஷாக் அப்சார்பர் தன் வேலையைச் செய்தது. முன் சீட்டில் இருந்தவள் தன் வேலையைச் செய்தாள். என் மடியில் ரசம் தூங்கியது. என் தோளில் நிரஞ்சனா தூங்கினாள், முப்பதாவது வளைவு தொட்டு. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"எதுக்கு இத்தனை நாளா மறைச்சே?" என்று அவள் எழாத குரலில் கேட்டேன்.

"பாப்பா மாசமா இருக்கறான்னு தெரிஞ்ச அன்னிக்கே போயி டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டேனுங்க" என்றாள் வசந்தாமணி, ரோட்டைவிட்டுக் கண் எடுக்காமல். "இந்த மலையிலருந்து இவளைக் கூட்டிட்டு வரோணுமே, அதுக்குத்தான்."

"அன்னிக்கே? காரு ஆடுதுன்னு அப்ப யாருமே சொல்லலியே."

"காருங்களா?" என்றாள். அடுத்த வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள்.

அடிவாரத்தில் அதே டீக்கடை வந்ததும் நிரஞ்சனா கண் விழித்தாள்.

"அதுக்குள்ள எறங்கியாச்சா? எனக்கு ஒண்ணுமே பண்ணலீங்ப்பா. சஸ்பென்ஷன் அருமையாப் பண்ணியிருக்கறீங்க!"

"சும்மாவா கண்ணு? ஒரு மாசப் பாடு" என்றேன். கண்ணாடியில் வசந்தாமணி சிரித்தாள், நான் வாங்கிக்கொண்டேன்.

போசியைத் தூக்கி, நான் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு சொட்டு இல்லை. அங்கேயே மூன்று டம்ளர் கேட்டு வாங்கி அந்த ரசத்தைக் குடித்தோம். ஆறிப்போயிருந்தது. கொஞ்சம் உப்பும் கூடுதல். இரண்டாவது டம்ளரும் குடித்தேன்.

பிப்ரவரி 24

நிரஞ்சனா டைரியைக் கேட்டாள். இன்றைக்கு எழுதிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காலையில் கடைக்குப் போகக் காரில் ஏறினேன். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் பிடியில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

டெம்போவிலேயே போய்க்கொள்ளலாம். அண்டாக்களுக்கு வாந்தி வராது.